சுவிட்சுகளுக்குக் கழிப்பு

மகளின் அறையை நான் பிடித்துக்கொண்டேன் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். அது பொய். மகள் கொழும்புக்குப் படிக்கப் போனாள், அறை சும்மா கிடந்தது, ஒரு மூலையில் ஒரு சுவிட்ச் வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் தானாக நடந்தது.

சுவிட்ச் என்றதும், சுவரில் தட்டினால் லைற் எரிகிற சாமானை நினைக்க வேண்டாம். என் தொழிலில் சுவிட்ச் என்றால் தட்டையான ஓர் இரும்புப் பெட்டி. முன்பக்கம் வரிசையாக ஓட்டைகள் இருக்கும். அவற்றில் வயர்களைச் செருகினால், வயர்களின் மறுமுனையில் இருக்கிற கொம்பியூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும். ரவுட்டர் அதற்கு அண்ணன் முறை. இந்தக் கூட்டத்தை அடுத்த கூட்டத்தோடு பேசவைப்பது அதன் வேலை. திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து உள்ளே போகிற ஓர் ஒழுங்கையில் இருக்கிற தனியார் கல்வி நிலையத்தில் நான் இந்த வித்தையைப் படிப்பிக்கிறேன். அதற்கு முன்னர் கந்தோர் கந்தோராக, அதாவது அலுவலகம் அலுவலகமாக, போய் வயர் இழுத்தவன்.

ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தில் திரும்புகிற பக்கமெல்லாம் தொண்டு நிறுவனங்களின் கந்தோர்கள் இருந்தன. பிறகு ஒவ்வொன்றாக மூடினார்கள். மூடுகிற கந்தோரின் மேசைக்கு ஆள் வரும், கதிரைக்கு ஆள் வரும், ஏசிக்கு அடிபிடியே நடக்கும். சுவரில் தொங்குகிற சுவிட்சை மட்டும் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "நீங்கள் பூட்டினதுதானே, நீங்களே கழட்டிக்கொண்டு போங்கோவன்" என்பார்கள். கொண்டுவந்தேன். வேறென்ன செய்ய? நல்லாக ஓடிக்கொண்டிருக்கிற ஒரு சாமானை எறிய எனக்கு மனம் வராது. இப்படியே பெரியது ஒன்பது சேர்ந்துவிட்டது. சின்னதுகளை நான் எண்ணவில்லை, எண்ணினால் மனைவிக்குத் தெரிந்துவிடும். அறைச் சுவர் முழுக்கத் தட்டுத் தட்டாக ஓர் இரும்பு றாக்கை அடித்து எல்லாவற்றையும் அடுக்கி, ஒன்றோடொன்று தொடுத்து வைத்தேன். பச்சையும் செம்மஞ்சளுமாக லைற்றுகள் மினுங்கும். உள்ளே இருக்கிற சின்ன விசிறிகள் ஒரே சீராக மூசும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் கதிரையைப் போட்டு இருந்தால் எனக்கு ஒரு கவலையும் தெரியாது.

கரைச்சல் தொடங்கியது மகளின் பிள்ளைப்பேற்றுக் கதை வந்தபோதுதான்.

முதல் பிள்ளைப்பேறு தாய்வீட்டில் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மகள் கலியாணம் முடித்து வெள்ளவத்தையில் மாமியாரோடு இருக்கிறாள். மருமகன் நல்ல பிள்ளை. மாமியாரும் நல்ல மனுசி. என் மனைவிக்கு அதுதான் பயம். கூடாத மாமியார் என்றால் பிள்ளை தானாக ஓடிவந்துவிடும். நல்ல மாமியார் என்றால் அங்கேயே நின்றுவிடக்கூடும் அல்லவா? மகளுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் தொலைபேசியில் என்னைக் கேட்டாள்.

"அப்பா, அந்த அறை இன்னும் அப்பிடியேதானோ கிடக்கு?"

"கொஞ்சம் ஒதுக்கி வைச்சிருக்கிறன் பிள்ளை."

"ஒதுக்கிக் காணாது அப்பா. பக்கத்திலை அது மூசிக்கொண்டு கிடக்க, நான் பச்சைப் பிள்ளையோடை படுக்கேலாது. அறை வெறுமையானால் வாறன். இல்லையெண்டால் நான் இஞ்சையே நிக்கிறன். மாமி என்னைப் பாத்துக்கொள்ளுவா."

கோபித்துச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். மிகவும் அமைதியாக, பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கேட்டியளோ?" என்றாள். "என்ரை பிள்ளை இஞ்சை வராட்டில், உந்த றாக்கையோடை சேர்த்து உங்களையும் தூக்கி ஒழுங்கைக்குள்ளை போட்டிடுவன்."

நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. அடுத்த நாளே அறைக்குள் போய் எல்லாவற்றையும் பிரிக்கத் தொடங்கினேன். வைத்திருக்க வேண்டியவை ஒரு பக்கம், யாருக்காவது கொடுக்கக்கூடியவை ஒரு பக்கம், எறிய வேண்டியவை ஒரு பக்கம். மத்தியானம் வரைக்கும் மெனக்கெட்டேன். சாப்பிடக் கூப்பிட வந்த மனைவி பார்த்தபோது, வைத்திருக்க வேண்டிய பக்கத்தில் ஒன்பதும் கிடந்தன. எறிய வேண்டிய பக்கத்தில் ஒரு பிய்ந்த வயர் கிடந்தது. அவள் அந்த வயரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒவ்வொன்றுக்கும் என்னிடம் நியாயம் இருந்தது. இது அடியிலே கிடக்கட்டும், ஒன்று பழுதானால் மற்றதற்குப் பார்ட்ஸ் கழட்டலாம். இது என்னிடம் படிக்கிற பிள்ளைகள் வந்து பழகுவதற்கு. உண்மையைச் சொன்னால், பிள்ளைகள் ஒரு தடவை வந்தார்கள். வீட்டில் இவ்வளவு சாமான் வைத்திருக்கிறேன், வந்து கைபடப் பழகுங்கள் என்று நான்தான் வற்புறுத்திக் கூட்டிவந்தேன். மரியாதையாகப் பார்த்தார்கள். றாக்கைக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். மனைவி கொடுத்த வடையைச் சாப்பிட்டார்கள். போகும்போது ஒருத்தி, "சேர், இதெல்லாத்தையும் இப்ப லப்டொப்புக்குள்ளையே பொய்யாச் செய்து பழகலாம் சேர். சத்தமும் இல்லை" என்றாள். எனக்குச் சொல்லவேண்டுமே என்ற கவலையில்தான் அந்தப் பிள்ளை சொன்னது. நான் சிரித்துச் சமாளித்தேன். அவர்கள் படலையைத் தாண்டியதும் எனக்கு வந்த கோபத்தில் மிச்ச வடை எல்லாவற்றையும் நானே தின்றேன்.

ஆக, நான் கழிக்கமாட்டேன் என்று தெரிந்ததும் மனைவி காரியத்தைத் தன் கையில் எடுத்தாள். எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் அவளுக்குச் சின்னம்மா முறையான ஒருவர் இருக்கிறார். ஊரில் கூரை வேயவா, மரம் தறிக்கவா, எதற்கும் ஆள் பிடித்துத் தருகிறவர் அவர்தான். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்து கனகாலம். மனைவி அவருக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் குசினியில் தேத்தண்ணி குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சின்னம்மா, அறைக்குள்ளை கிடக்கிறதுகளைக் கழிக்க வேணும். ஆரும் ஆள் இருந்தால் அனுப்பிவிடுங்கோ."

சின்னம்மாவின் குரல் தொலைபேசிக்கு வெளியிலும் கேட்கும். "என்ன பிள்ளை கிடக்குது அறைக்குள்ளை?"

"அதை ஏன் கேக்கிறியள். இரவுபகலாச் சத்தம். உள்ளுக்கை போனால் ஒரே அனல். மகள் அதாலைதான் பிள்ளைப்பேறுக்கு வரமாட்டன் எண்டு நிக்கிறாள்."

"ஐயோ. அப்ப மனுசன் என்ன சொல்லுறார்?"

"அவரெங்கை சொல்லுறது. அவரைத்தானே, சின்னம்மா, பிடிச்சிருக்கு."

எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. எல்லாம் சரியாகத்தான் சொல்கிறாள் என்று தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.

வெளியூர்க்காரருக்கு இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். கழிக்கிறது என்றால் வேண்டாததை ஒதுக்கி எறிகிறதுதான். ஆனால் எங்கள் ஊரில் கழிப்பு என்று ஒரு சடங்கும் இருக்கிறது. பேய் பிசாசு, செய்வினை, கண்ணூறு என்று வீட்டிலோ ஆளிலோ எதுவும் அண்டிவிட்டால், தேசிக்காய் என்கிற எலுமிச்சங்காயும் நீற்றுப்பூசணிக்காயும் வெட்டி, மந்திரம் சொல்லி அதை விரட்டுவார்கள். அதற்கும் கழிப்புக் கழிக்கிறது என்றுதான் பெயர்.

இரண்டு நாள் கழித்து, மனைவி சுன்னாகம் சந்தைக்குப் போயிருந்த நேரம் ஒருவர் சைக்கிளில் வந்தார். என்னைவிட மூத்தவர். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, சைக்கிள் ஹாண்டிலில் பெரிய சீலைப் பை. "அடுத்த ஒழுங்கை அம்மா அனுப்பினவ. அறைக்குள்ளை கிடக்கிறதைக் கழிக்க வேணுமாம்" என்றார். பழைய இரும்பு எடுக்கிற ஆள் இவ்வளவு சுத்தமாக இருக்கிறாரே என்று யோசித்தேன். இப்போதெல்லாம் அந்தத் தொழிலிலும் காசு புழங்குகிறது போல என்று நினைத்து உள்ளே கூப்பிட்டேன்.

"பாக்கிறதெண்டால் பாருங்கோ. ஆனால் எல்லாத்தையும் நான் விடமாட்டன். அதை முதலே சொல்லிப்போட்டன்" என்றேன்.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "விடமாட்டன் எண்டுதான் தம்பி சொல்லுவியள். அப்பிடித்தான் சொல்லவைக்கும். எவ்வளவு காலமா இருக்கு?"

"ஒரு பன்னிரண்டு வருசம் இருக்கும்."

"முதலிலை எங்கை வைச்சுச் சேர்ந்தது?"

"ஒரு கந்தோர் பூட்டினவை. ஆக்கள் எல்லாரும் போயிட்டினம். அது மட்டும் தனியத் தொங்கிக்கொண்டு கிடந்தது. பாவமாக் கிடந்தது, கூட்டிக்கொண்டு வந்திட்டன்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "தொங்கினதோ. அது பொல்லாதது. அது ஒண்டுதானோ?"

"அப்ப ஒண்டு. பிறகு மற்றதுகளும் வந்து சேர்ந்திட்டுது. இப்ப பெரிசு மட்டும் ஒன்பது."

அவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஒண்டோடை ஒண்டு கதைக்குமோ?"

நான் மகிழ்ந்துபோனேன். இந்த வீட்டுக்கு வந்த ஒருவரும் இவ்வளவு விசயம் தெரிந்து கேட்டதில்லை. "அதுக்குத்தானே வைச்சிருக்கிறன். நாள் முழுக்கக் கதைக்கும். தனக்குப் பக்கத்திலை ஆர் நிக்கினம் எண்டு தானாத் தேடிக் கண்டுபிடிக்கும்."

"நீங்கள் சொல்லுறதைக் கேக்குமோ?"

"உள்ளுக்கை போறதுக்கு ஒரு சொல் இருக்கு. அதைச் சொன்னால் பிறகு நான் சொல்லுறது எல்லாம் கேக்கும்."

"என்ன சொல்?"

"அதை ஆருக்கும் சொல்லக்கூடாது ஐயா."

"ஓமோம்" என்று தலையாட்டினார். "அதை வெளியிலை சொல்லக்கூடாதுதான்."

அறைக் கதவைத் திறந்தேன். அனல் காற்று வந்து முகத்தில் அடித்தது. இருட்டுக்குள் நூற்றுக்கணக்கில் லைற்றுகள் மினுங்கின. நல்ல நேரம் பார்த்து, பழைய ரவுட்டர் ஒன்று தன் விசிறியை முழு வேகத்தில் சுழற்றி ஓலமிட்டது. அதற்கு அந்த வியாதி உண்டு, சூடேறினால் அப்படித்தான். அவர் ஓரடி பின்னுக்கு வைத்தார், ஆனால் ஓடவில்லை. அதைச் சும்மா சொல்லக்கூடாது. பையிலிருந்து ஒரு செம்பை எடுத்து, வேப்பிலையால் தண்ணீர் தெளிக்கக் கையை ஓங்கினார்.

நான் பாய்ந்து கையைப் பிடித்தேன். "ஐயோ, தண்ணி தெளிக்காதேங்கோ."

"தண்ணியெண்டால் பயம், என்ன?" என்றார், நோயைக் கண்டுபிடித்த வைத்தியரைப் போல.

"பயமில்லாமல்? பட்டால் செத்துப்போம்."

"சாகத்தானே தம்பி வேணும்" என்று சொல்லி, ஒரு தேசிக்காயை எடுத்து என் மிகப் பெரிய சுவிட்சின் தலையில் வைத்தார். அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது.

"ஐயா, நீங்கள் பழைய இரும்பு எடுக்கிற ஆள் இல்லையோ?"

"நான் கழிப்புக் கழிக்கிறனான் தம்பி."

இரண்டு பேரும் அந்த அனலுக்குள் நின்று ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு நான் கதிரை போட்டு இருத்தி, நடந்ததை விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டார். சிரித்தார். ஆனால் வந்தவர் சும்மா போக ஒத்துக்கொள்ளவில்லை. "என்னவெண்டாலும் உது உங்களை விடுகுதில்லை எண்டது தெரியுது. வந்த கையோடை கண்ணூறுக்கு ஒரு பூசணிக்காய் வெட்டிப்போட்டுப் போறன். குறைஞ்சோ போயிடும்?" என்றார். நானும் ஓம் என்றேன். படலையடியில் கற்பூரம் கொளுத்தி, நீற்றுப்பூசணிக்காயை வெட்டி, குங்குமத்தைக் கொட்டிவிட்டு, சைக்கிளில் ஏறிப் போனார்.

மனைவி சந்தையால் வந்தபோது படலையில் சிவப்பாகப் பூசணிக்காய் பிளந்து கிடந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு தலைகள் தெரிந்தன. நான் முற்றத்தில் கையில் தேசிக்காயோடு நின்றேன்.

"நீர் சின்னம்மாவுக்கு என்ன சொன்னனீர்?" என்று கேட்டேன். அவளுக்கு விளங்க ஒரு நிமிடம் சென்றது. விளங்கியதும், மரக்கறிப் பையைக் கீழே போட்டுவிட்டு, படலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிக்க முடியாமல் நிலத்தில் குந்திவிட்டாள். கலியாணம் முடித்த காலத்திலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நானும் சிரித்தேன். அன்று பின்னேரம் வரைக்கும் எங்களுக்கு நல்ல பொழுது.

பின்னேரம் மனைவிக்குச் சம்பந்தியம்மாவின் அழைப்பு வந்தது. அதுதான் மருமகனின் தாய், வெள்ளவத்தைக்காரி. ஆனால் பிறந்த ஊர் தொண்டைமானாறு. அங்கே அவருக்குத் தங்கை இருக்கிறா. எங்கள் ஊரான உடுவிலில் வெட்டிய பூசணிக்காய் எப்படித் தொண்டைமானாற்றுக்கும் அங்கிருந்து வெள்ளவத்தைக்கும் பின்னேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. என் ஒன்பது சுவிட்சும் சேர்ந்தாலும் அந்த வேகத்தில் ஒரு செய்தியைக் கடத்த மாட்டா.

"சம்பந்தி, உங்கடை வீட்டிலை கழிப்பு நடந்ததாம்" என்றா. பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வு பெற்றவ. ஒரு கேள்வி கேட்டால் அதற்கு மட்டும் பதில் சொல்லவேண்டும்.

"அது பேய்க்கில்லை. சுவிச்சுக்கு" என்றாள் என் மனைவி.

"சுவிச்சுக்கோ?"

"ஓம். இவரின்ரை சுவிச்சு. அறைக்குள்ளை..."

"எங்கடை வீட்டிலையும் சுவிச்சு இருக்கு சம்பந்தி. நாங்கள் பூசணிக்காய் வெட்டுறேல்லை."

மனைவி திரும்பத் திரும்ப விளங்கப்படுத்தினாள். விளங்கப்படுத்தப் படுத்த, மறைக்கிறாள் என்றே பட்டது. கடைசியில் சம்பந்தியம்மா, "குறை நினைக்காதேங்கோ. கழிப்புக் கழிச்ச வீட்டுக்கு நான் பிள்ளைத்தாச்சியை விடமாட்டன். என்னவும் நடந்தால் ஆர் பதில் சொல்லுறது? பிள்ளைப்பேறு இஞ்சையே நடக்கட்டும்" என்று வைத்துவிட்டா.

மனைவி குசினி மரவாங்கில் குந்தியிருந்து அழுதாள். காலையில் அந்தச் சிரிப்புச் சிரித்தவள் இப்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தாள். என் ஒருவனுடைய பிடிவாதத்தால் அவளுக்கு மகள் வந்து பக்கத்தில் படுக்கிற பாக்கியம் இல்லாமல் போகப்போகிறது. எனக்கும்தான் இல்லாமல் போகப்போகிறது. நான் எழுந்து, அறைக்குள் போய், முதல் வயரைக் கழட்டினேன். அடுத்ததைக் கழட்டக் கை வைக்க, பின்னால் மனைவி வந்து நின்றாள்.

"என்ன செய்யிறியள்?"

"எல்லாத்தையும் கழட்டி எறியப்போறன்."

"தொடாதேங்கோ" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இப்ப கழட்டினால், சம்பந்தியம்மா கோயில் நேர்த்திக்கு வந்து பாக்கேக்கை வெறும் அறையிலை என்னத்தைக் காட்டுறது? பேய் இருந்தது, துரத்திப்போட்டினம் எண்டுதானே நினைப்பா. ஒண்டும் அசையக்கூடாது. கழட்டின வயரைத் திருப்பிப் பூட்டுங்கோ."

பன்னிரண்டு வருடமாக எறி எறி என்று நின்றவள், அன்றிலிருந்து என் றாக்கைக்குக் காவல் இருந்தாள். ஈரமில்லாத துணியால் ஒவ்வொரு சுவிட்சையும் துடைத்தாள். ஒரு லைற் எரியாமல் நின்றால், "இஞ்சாருங்கோ, இது ஏன் எரியுதில்லை, அவ வரேக்கை எல்லாம் எரிய வேணும்" என்று கூப்பிட்டாள். நான் எத்தனையோ காலம் ஏங்கிய வாழ்க்கை, ஒரு சம்பந்தியம்மாவின் சந்தேகத்தால் எனக்குக் கிடைத்தது.

சந்நிதி முருகனுக்கு அன்னதான நேர்த்தி ஒன்று இருந்தபடியால், அடுத்த கிழமையே சம்பந்தியம்மா யாழ்ப்பாணம் வந்தா. கோயிலால் வாடகை வான் பிடித்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினா. நெற்றி நிறைய விபூதி. தேத்தண்ணி பிறகு என்று சொல்லிவிட்டு, "எங்கை அறை?" என்றா.

எல்லாவற்றையும் ஓடவிட்டுக் காட்டினேன். வாசலில் நின்று மேலிருந்து கீழாக, விடைத்தாள் திருத்துகிற கண்ணால் பார்த்தா.

"உது என்ன வேலை செய்யுது?"

"ஒண்டோடை ஒண்டு கதைக்குது சம்பந்தியம்மா."

"என்னத்தைப் பற்றி?"

நான் கொஞ்சம் யோசித்தேன். "ஆர் இருக்கிறது, ஆர் இல்லை எண்டு. அவ்வளவுதான்."

"அதாலை இந்த வீட்டிலை ஒரு லைற் எரியுதோ? ஒரு கோல் எடுக்கேலுமோ?"

"இல்லை."

"படிக்கிற பிள்ளையள் வந்து பழகினமோ?"

"ஒருக்கால் வந்தவை."

"அப்ப ஏன் வைச்சிருக்கிறியள்?"

என்னிடம் எத்தனையோ நியாயங்கள் தயாராக இருந்தன. மனைவி பக்கத்தில் நின்றாள். என்ன சொல்லித் தப்பப்போகிறேன் என்று அவளும் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் உண்மையைச் சொன்னேன்: "எனக்கு விளங்குறது உதுகள்தான் சம்பந்தியம்மா. இப்ப வாற சாமானிலை பொத்தானே இல்லை. எங்கையோ வெளிநாட்டிலை இருக்கிற ஒரு இடத்துக்குள்ளாலை, போனிலைதான் அதை நடத்த வேணும். படிப்பிக்கிறன்தான். ஆனால் வகுப்புக்கு முதல்நாள் ஒரு பெடியனிட்டைக் கேட்டுப்போட்டுத்தான் போறனான். உந்த அறைக்குள்ளை வந்தால் ஒருத்தரிட்டையும் கேக்கத் தேவையில்லை."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இதை நான் அவளிடம்கூடச் சொன்னதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதோடு நெஞ்சில் கிடந்த ஒரு பாரம் இறங்கியது போலவும் இருந்தது.

சம்பந்தியம்மா றாக்கையை இன்னொரு தடவை பார்த்தா. பிறகு, "சரி. பேயில்லை, எனக்கு விளங்குது" என்றா. "பேயெண்டால் லேசு. ஆளைப் பிடிச்சுத் துரத்திவிடலாம். இதுக்கு நீங்கள்தான் முடிவெடுக்க வேணும். அறை வெறுமையான உடனை எனக்குச் சொல்லுங்கோ, பிள்ளையை அனுப்புறன். இப்ப தேத்தண்ணியைத் தாங்கோ."

அடுத்த நாள் காலையில், றாக்கைக்குக் கரண்ட் போகிற பிளக்கைப் பிடுங்கினேன். விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. குசினியிலிருந்து மனைவி ஓடிவந்து, "கரண்ட் போயிட்டுதோ?" என்று கேட்டாள். அவ்வளவு காலமும் அவள் காதில் விழுந்துகொண்டிருந்த சத்தம் அது. இல்லை, நான்தான் நிறுத்தினேன் என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வாசலில் நின்றோம். வீடு வேறு யாருடையதோ போல இருந்தது.

ஒன்றையாவது வைத்திருங்கள் என்று மனைவியே சொன்னாள். சின்னதாக ஒன்று, அலுமாரிக்கு மேலே கிடக்கட்டும் என்றாள். நான் மாட்டேன் என்றேன். எனக்கு என்னைத் தெரியும். ஒன்று இருந்தால் அது பேசுவதற்கு இன்னொன்று வேண்டும். முன்பு நான் வேலை செய்த கந்தோர்க்காரர் ஒருவர் சொன்ன இடத்திலிருந்து, பழைய மின்சாதனங்கள் எடுக்கிறவர்கள் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் பெட்டி பூட்டிக்கொண்டு வந்தார்கள். நானே ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்தேன். பெரிய சுவிட்சைக் கொடுக்கும்போது கொஞ்சம் மெதுவாக வை தம்பி என்று சொன்னேன். உடைக்கப்போகிற சாமானை ஏன் மெதுவாக வைக்கவேண்டும் என்று அந்தப் பெடியன் கேட்கவில்லை. நல்ல பெடியன். லாண்ட்மாஸ்டர் ஒழுங்கை திரும்பும் மட்டும் படலையில் நின்றேன். அழுதேன் என்று மனைவி சொல்கிறாள். வேப்பம்பூ கண்ணில் விழுந்தது.

அறைக்குச் சுண்ணாம்பு அடித்தோம். றாக்கை அடித்திருந்த ஓட்டைகளைச் சீமெந்து வைத்து மூடினேன். யன்னலுக்குப் புதுச் சீலை தைத்துப் போட்டாள் மனைவி. கட்டிலை யன்னலோடு போட்டோம். சம்பந்தியம்மாவுக்குச் சொன்னோம். சொன்ன சொல் தவறாமல் பிள்ளையை அனுப்பினா.

காலை ரயிலில் மருமகன் கூட்டிவந்து விட்டுவிட்டு, தன் சித்தியைப் பார்க்கத் தொண்டைமானாறு போய்விட்டார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து அறை வாசலில் நின்றாள். உள்ளே போகவில்லை. சுவரைப் பார்த்தாள். குனிய முடியாமல் குனிந்து கட்டிலுக்குக் கீழே பார்த்தாள். அலுமாரியைத் திறந்து பார்த்தாள். பின்பக்கம் போய் விறகுக் கொட்டிலுக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"எங்கை அப்பா ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?" என்றாள்.

"ஒண்டும் இல்லைப் பிள்ளை. எல்லாம் குடுத்தாச்சு."

"ஒண்டுகூட வைச்சிருக்கேல்லையோ?"

"இல்லை."

அவள் என் முகத்தையே பார்த்தாள். மனைவி அவளுடைய பையை எடுத்து உள்ளே வைக்கப் போனவள், அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு நின்றாள். சின்னப் பை. இரண்டு சோடி உடுப்புக்கு மேல் அதற்குள் இருக்காது.

"இவ்வளவும்தானோ கொண்டு வந்தனீ? மிச்சச் சாமான் எங்கை? பிள்ளைக்கு வாங்கினதுகள்?" என்று மனைவி கேட்டாள்.

மகள் கட்டிலில் மெல்ல இருந்தாள்.

"மிச்சம் எல்லாம் அங்கைதான் அம்மா. ரெண்டு நாள் நிண்டுபோட்டுத் திரும்பிப் போறதெண்டுதான் வந்தனான்" என்றாள். "உதுகளை விட்டுப்போட்டு அப்பா என்னை எடுப்பார் எண்டு நான் நினைக்கேல்லை."

எனக்குச் சுருக்கென்றது. அந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை. போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மாமிக்குக் கோல் எடுத்து மிச்சச் சாமான் எல்லாவற்றையும் அனுப்பச் சொல்லு பிள்ளை என்றேன்.